சொந்தக் காரணங்களுக்காக

இன்று காலைத் தபாலில் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கேள்வி வந்திருக்கிறது. ஏலச்செடி நட்டபின் முழுமையாகக் காய்ப்பதற்கு எத்தனை ஆண்டுகள் ஆகும், அதற்குள் ஓர் ஆராய்ச்சியாளர் அறுதியான முடிவு எதையும் வெளியிட இயலுமா, இயலாதெனில் காரணம் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். நான் அதை இரண்டாம் முறை படித்துக்கொண்டிருந்தபோது பக்கத்துச் சரக்குக் கிட்டங்கியின் முன் ஒரு ஜீப்பு வந்து நின்றது. மூட்டைகளை இறக்கத் தொடங்கியதும், மலையில் உலர்த்தி எடுத்த சூடு ஆறாத ஏலக்காயின் வாசனை சன்னல் வழியே வந்து மேசை முழுவதும் பரவியது. போடியில் குடியிருப்பவர்கள் அந்த வாசனையை உணர்வதே இல்லை. எனக்கும் அது உறைத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. இன்று உறைத்தது.

அந்தக் கேள்விக்கு விடை எழுத வேண்டியவர் நீங்கள். நீங்கள் மறைந்து இரண்டு மழைக்காலங்கள் முடிந்துவிட்டன. ஆகவே விடையை நான் எழுத வேண்டியிருக்கிறது. அதற்குமுன் உங்களுக்கு இதை எழுதுவதே முறை என்று எனக்குத் தோன்றுகிறது.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் இந்த ஏல ஆராய்ச்சித் திட்டத்தின் அலுவலகத்துக்குக் கண்காணிப்பாளராக மாற்றப்பட்டு வந்தேன். ஒரு வாடகை வீட்டின் முன்னறையும் கூடமும்தான் அலுவலகம். ஆராய்ச்சித் தோட்டமோ போடிமெட்டுச் சாலைக்குக் கீழே, மலைச்சரிவில், ஒரு நீரோடையை ஒட்டி இருந்தது. நீங்கள் அங்கே உதவி ஆராய்ச்சியாளர். காலையில் அலுவலக ஜீப்பில் ஏறினால் பொழுது சாயும்போது கால் சேற்றோடும் அட்டைக் கடியோடும் இறங்குவீர்கள். தோட்டத்துப் பெண்கள் உங்களை 'டாக்டரம்மா' என்று அழைத்தார்கள். முனைவர் பட்டம் உங்களுக்கு இல்லை என்பதும், அது இல்லாததால் சிறப்பு ஊதிய உயர்வுகள் கிடைக்கவில்லை என்பதும் பணிப்பதிவேட்டைப் பார்த்த எனக்கு மட்டும் தெரியும்.

நம்முடைய முதல் உரையாடல் ஏப்ரல் மாதச் சம்பளத்தைப் பற்றியது. திட்டத்தின் ஆயுள் ஒவ்வோர் ஆண்டும் மார்ச்சோடு முடியும். பணியிடங்களைத் தொடர்ந்து நீட்டிக்கும் ஆணை வந்தால்தான் அடுத்த மாதச் சம்பளத்தைப் பெற முடியும். அந்த ஆண்டு சித்திரை பிறந்தும் ஆணை வரவில்லை. நீங்கள் என் மேசை முன் வந்து நின்று, மிகவும் பணிவாகக் கேட்டீர்கள்.

"சூப்ரண்டு சார், நான் மார்ச்சு முப்பத்தொண்ணோட செத்துப்போயிட்டேனா, இன்னும் இருக்கேனா?"

"ஆணை வந்த பிறகுதாம்மா அதச் சொல்ல முடியும்" என்றேன். நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

"சரிங்க சார். அதுவரைக்கும் செடிக்குத் தண்ணி ஊத்தலாமா, கூடாதா?"

நான் சற்று யோசித்தேன். "தண்ணி ஊத்த விதியில தடை எதுவும் இல்லம்மா."

நீங்கள் சிரித்த சிரிப்பில் கூடத்திலிருந்த எழுத்தர்கள் தலையை நிமிர்த்தினார்கள். சிரிப்பதற்கு என்ன இருக்கிறது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து நாம் நண்பர்கள்.

ஓர் ஆராய்ச்சியாளருக்கு இவ்வளவு சம்பளம் என்பதை எது முடிவு செய்கிறது என்று நீங்கள் என்னிடம் பாடம் கேட்பதுபோலக் கேட்டீர்கள். உங்களுக்கு அதில் பொறாமையும் இல்லை, புலம்பலும் இல்லை. புதிய செடி ஒன்றைப் பார்த்ததுபோல ஓர் ஆர்வம். "இது எங்கிட்டு வேர் விடுது, எங்கிட்டுக் காய்க்குதுன்னு தெரிஞ்சுக்கிருவோம்ல" என்றீர்கள். நான் விதிகளைச் சொன்னேன். சம்பளம் பதவிக்கு உரியது, ஆளுக்கு உரியதன்று. கல்லூரியில் பெற்ற தங்கப் பதக்கத்துக்கு ஒரு காசும் கிடையாது. முனைவர் பட்டத்துக்கு உண்டு, ஆனால் அதைப் பெற விடுப்பெடுத்துப் பல்கலைக்கழகத்தில் போய் இருக்க வேண்டும். மலைப்படி கிடையாது, ஏனெனில் பணி ஆணையில் குறிக்கப்பட்ட இடம் போடி நகரம். 

"பகல் பூரா மலையிலதானே சார் நிக்கிறேன்?"

"ஆணையில நீங்க ஊர்லதாம்மா நிக்கிறீங்க."

"அப்ப அட்டை கடிக்கிறது யாரை?" என்று கேட்டுவிட்டுப் போனீர்கள்.

பதவி உயர்வைப் பற்றிப் பேசியபோதுதான் உங்கள் முகத்தில் விளையாட்டு மறைந்தது. உங்களோடு ஒரே வகுப்பில் படித்து, ஒரே நாளில் பணியில் சேர்ந்த ஒருவர் சமவெளியில் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தார். நெல் ஆண்டுக்கு இரண்டு முறை, சில இடங்களில் மூன்று முறை விளையும். ஒவ்வோர் அறுவடைக்கும் ஒரு கட்டுரை, கட்டுரைகள் சேர்ந்தால் ஒரு படி ஏற்றம். நீங்கள் எடுத்திருந்த வேலையோ வேறு. தேமல் நோய் வந்தால் ஏல இலைகளில் வெளிர்க் கோடுகள் ஓடும். தூர் சூம்பும், காய்ப்பு நிற்கும். மருந்து கிடையாது. நோயால் அழிந்த தோட்டங்களுக்கு நடுவே தப்பி நின்ற தூர்களைத் தேடிப் பிடித்து, அவற்றின் பக்கக் கன்றுகளைக் கொண்டுவந்து, நோயுற்ற செடிகளுக்கு இடையிலேயே நட்டிருந்தீர்கள். எது தாங்குகிறது என்று பார்க்க வேண்டும். அது நன்றாகக் காய்க்கிறதா என்றும் பார்க்க வேண்டும். முழுக் காய்ப்பு வருவதற்கே மூன்று ஆண்டுகள் ஆகும்.

"அவரு வெதச்சு, அறுத்து, எழுதி, மேல போய்க்கிட்டே இருக்காரு சார். நல்ல ஆளுதான், கெட்டிக்காரருதான். என் செடி இன்னும் பூச்சரமே விடல. அதை நான் போயி வெரசாக் காயின்னு அதட்ட முடியுமா?"

ஒருவர் எந்தப் பயிரின் முன் நிற்கிறார் என்பதைப் பொறுத்து அவருடைய சம்பளம் அமையும் என்று எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை. ஆனால் நடப்பது அதுதான் என்பதை அன்று நீங்கள் சொல்லித்தான் நான் கண்டுகொண்டேன்.

மூன்றாம் ஆண்டு வந்தது. செடிகள் முதன்முறையாக நிறையக் காய்த்தன. ஏலக்காயை ஒரே நாளில் பறித்து முடிப்பதில்லை. ஆடி, ஆவணியில் தொடங்கித் தை வரை, முற்ற முற்ற ஐந்து சுற்றுகளாக எடுப்பார்கள். இரண்டாம் சுற்று முடிந்திருந்தபோது உங்கள் பதவி உயர்வு ஆணை வந்தது. ஆராய்ச்சியாளர் பதவி, சமவெளியில், நெல் நிலையம். உடனே சேர வேண்டும். சேராவிட்டால் பதவி உயர்வைத் துறந்ததாகக் கொள்ளப்படும். துறந்தவர் பெயர் அதன்பின் சில ஆண்டுகளுக்குப் பட்டியலில் ஏறாது, அதற்குள் இளையவர்கள் முந்திவிடுவார்கள்.

நான் மகிழ்ச்சியோடுதான் ஆணையை நீட்டினேன். நீங்கள் படித்துவிட்டு, "தை மாசம் வரைக்கும் தள்ளிப்போட வழி இருக்கா சார்?" என்றீர்கள்.

வழி ஒன்று இருந்தது. விடுப்பில் இருப்பவர் விடுப்பு முடிந்தபின் சேரலாம். ஈட்டிய விடுப்பை முதலில் எடுத்தீர்கள். அது தீர்ந்ததும் 'சொந்த அலுவல்களுக்கான விடுப்பு', அதாவது பாதிச் சம்பளத்தில். அந்தப் பாதிச் சம்பள நாள்களில் நீங்கள் ஒருநாள் தவறாமல் மலைக்குப் போனீர்கள். விடுப்பில் இருப்பவரை அலுவலக ஜீப்பில் ஏற்ற முடியாது என்று நான் சொன்னேன். நீங்களும் கேட்கவில்லை. கூலியாள்கள் போகும் ஜீப்பில் காசு கொடுத்து, கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு போனீர்கள். காய் எடுக்கும் காளியம்மா கேட்டாளாம்: "எனக்குக் கூலி சனிக்கெழமையானா வந்துருது டாக்டரம்மா. ஒங்களுக்கு மட்டும் என்ன, வேல பாத்தாப் பாதி, பாக்காட்டி முழுசா?" அதை என்னிடம் சொல்லி, விதிப்படி அவள் சொன்னது சரியா என்று கேட்டீர்கள். ஏறக்குறையச் சரி என்று ஒப்புக்கொண்டேன்.

ஒரு நாள் மாலை உங்கள் அண்ணன் அலுவலகத்துக்குள் நுழைந்தார். போடியில் ஏலக்காயை ஏலம் விடும் கூடத்தில் அவர் பெரிய வியாபாரி. தட்டில் கிடக்கும் நாலு காயை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து விலை சொல்பவர்.

"ஏங்க சூப்ரண்டு, என் தங்கச்சி கூலியாளுக ஜீப்புல தொங்கிக்கிட்டுப் போகுது. ஒங்க ஜீப்பு என்ன, தேரு மாதிரி நிலையிலயே நிக்கிது?"

"அவங்க விடுப்புல இருக்காங்க. விடுப்புல இருக்கிறவங்கள ஏத்த விதி இல்ல."

"லீவுல இருக்கிறவளுக்கு மலையில என்ன சோலி?"

"அது அவங்க சொந்த அலுவல்."

"சொந்தமா? அவ பேர்ல அந்த மலையில ஒரு சென்டு எடம் இருக்கா? என்னய்யா பேசுறீரு?"

அப்போதுதான் நீங்கள் உள்ளே வந்தீர்கள். புடவைக் கரையெல்லாம் சேறு. "எதுக்குண்ணே சாரைப் போட்டு வறுக்கிறீக?" என்றீர்கள்.

அவர் உங்கள் பக்கம் திரும்பினார். "ஏத்தா, நல்ல நாள்ல ஒரு தடவ வெலைய ஏத்திச் சொன்னா, ஒன்னோட ஒரு வருசச் சம்பளத்தை நான் எந்திரிக்கிறதுக்குள்ள எடுத்துருவேன். அதுலயும் பாதியத் தொலைச்சுப்புட்டு நிக்கிற. இப்ப பெரிய வேல தாரேங்கிறான், அதையும் யோசிக்கிற. ஒனக்கு என்னதாம்மா வேணும்?"

"தை வரைக்கும் நேரம் வேணும்ணே."

"அது என்ன வெல? சொல்லு, எடுத்துருவோம்."

"அதைத்தாண்ணே விக்க மாட்டேங்கிறாக."

அவர் உங்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உங்கள் காலில் வடிந்துகொண்டிருந்த இரத்தத்தைப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார். மறுநாளிலிருந்து லோடு ஏற்ற மலைக்குப் போகும் அவருடைய ஜீப்பு வழக்கத்தைவிட முன்னதாகக் கிளம்பி, உங்கள் தெரு முனையில் வந்து நின்றது. அதற்குத் தடை சொல்ல என்னிடம் விதி இல்லை.

மார்கழியில் விடுப்பு முழுவதும் தீர்ந்தது. நான்கு சுற்றுக் காய் எடுத்தாகிவிட்டது, கடைசிச் சுற்று மட்டும் பாக்கி. தோட்டத்திலேயே ஒரு தூர் மற்ற எல்லாவற்றையும் மிஞ்சிக் காய்த்திருந்தது. காளியம்மா அதற்கு 'மகராசி' என்று பெயர் வைத்திருந்தாள். நான்கு சுற்று போதாதா, மகராசியைத் தேர்ந்தெடுத்ததாகக் குறித்துவிட்டுக் கிளம்பலாமே என்று நான் சொன்னேன். நீங்கள் போகாவிட்டால் ஓய்வு பெறும்வரை மாதந்தோறும் என்ன இழப்பு, அது ஓய்வூதியத்தில் எப்படித் தொடரும் என்று கணக்கிட்டும் சொன்னேன். மறுக்காமல், குறுக்கே பேசாமல் கேட்டீர்கள்.

"இந்த நோய் ஒளிஞ்சிருக்கும் சார். நாலு மாசம்கூட வெளிய தெரியாது. குளிர் முடிஞ்சு புதுக்குருத்து விடும்போது பாத்தாத்தான் நம்பலாம். நெல்லுக்கு ஆள் நெறைய இருக்காங்க. இதுக்கு வர்றவுக மூணு வருசம் பேர் இல்லாம நிக்கணுமே, யாரு வருவா?"

பிறகு என் மேசையிலேயே உட்கார்ந்து துறப்புக் கடிதம் எழுதினீர்கள். 'ஆராய்ச்சியின் இறுதிக் கட்டம் முடிவுறாத காரணத்தால்' என்று தொடங்கியிருந்தது. நான் தடுத்தேன். ஓர் அலுவலர் எங்கே இருந்தால் பணிக்கு நல்லது என்பதை அரசுதான் முடிவு செய்ய முடியும், அலுவலர் முடிவு செய்ய முடியாது. அப்படி எழுதினால் அதை வாதமாகக் கொண்டு திருப்பி அனுப்புவார்கள், சேரவும் வற்புறுத்துவார்கள். 'சொந்தக் காரணங்களுக்காக' என்று எழுதினால் மட்டுமே கேள்வியின்றி ஏற்பார்கள் என்றேன்.

நீங்கள் பேனாவை மேசைமேல் வைத்தீர்கள். "செடி சர்க்காருது. நெலம் சர்க்காருது. நோயும் எங்க வீட்டுல இருந்து போகல. இதுல எனக்கு என்ன சார் சொந்தம்?"

"காரணம் மட்டுந்தாம்மா."

பேனாவை மறுபடி எடுத்தீர்கள். "சரி, அதாவது சொந்தமா இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லி எழுதிக் கையெழுத்திட்டீர்கள்.

தை முடியும் சமயம் மண்வெட்டி, கூடை, தெளிப்பான் முதலியவற்றின் இருப்பைச் சரிபார்க்க நான் மேலே வந்தேன். நீங்கள் என்னைக் கருவிக் கொட்டகைக்குள் போக விடாமல் நேராக ஓடைப்பக்கம் அழைத்துப் போனீர்கள். மகராசியின் முன் காளியம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். நீங்கள் ஒரு குருத்திலையைப் பிடித்து வெயிலுக்கு நேராகக் காட்டினீர்கள். முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. நரம்புகளுக்கு இணையாக, மெல்லிய வெளிர்க் கோடுகள்.

"இதைத்தான் சார் நான் ஊருக்கெல்லாம் பிரிச்சுக் குடுக்க இருந்தேன். என் அண்ணன் குத்தகைக்கு எடுத்த தோட்டத்துலயும் முதல்ல இதுதான் போயிருக்கும்."

"வயித்துல நெருப்ப வச்சுக்கிட்டா இம்புட்டுக் காச்ச?" என்று காளியம்மா செடியைத் திட்டினாள். நீங்கள் திட்டவில்லை. அன்றே அதைக் கிழங்கோடு பறித்து எரிக்கச் சொன்னீர்கள். தீ வைத்தபோது சற்றுத் தள்ளிப் போய் நின்றுகொண்டீர்கள். தப்பி நின்றவை ஓடை மேட்டில் இருந்த சில தூர்கள் மட்டுமே. யாரும் பெயர் வைக்காத, நடுத்தரமாகக் காய்த்த தூர்கள். அவற்றின் கன்றுகள் பின்னாளில் சின்னச் சின்னத் தோட்டங்களுக்குப் போயின. உங்கள் அண்ணனின் தோட்டத்துக்கும் போயின. இன்று இறங்கிய மூட்டைகளில் அவற்றின் காயும் இருக்கக்கூடும். அப்படி இல்லை என்று என்னால் சொல்ல முடியாது.

அதன்பின் நடந்தவை நான் அன்று சொன்னபடியே நடந்தன. இளையவர்கள் முந்தினார்கள். சில ஆண்டுகளில் நீங்கள் உங்கள் பதவிக்குரிய ஊதிய விகிதத்தின் உச்சியை எட்டினீர்கள். அதற்குமேல் ஆண்டு உயர்வு கிடையாது. ஒவ்வோர் ஆண்டும் உயர்வு நாளன்று என் மேசைக்கு வந்து, "இந்த வருசம் நான் வளந்தேனா சார்?" என்று கேட்பீர்கள். "இல்லம்மா, உச்சத்துல இருக்கீங்க" என்பேன். "அடேயப்பா" என்று வியந்துவிட்டுப் போவீர்கள்.

நீங்கள் காய்ச்சலில் படுத்து மறைந்தது ஒரு சித்திரை மாதம். அந்த ஆண்டும் நீட்டிப்பு ஆணை வரவில்லை. வைகாசி நடுவில்தான் வந்தது. மார்ச்சு முடிந்த நாளிலிருந்து இடைவெளியின்றிப் பணியிடம் நீட்டிக்கப்படுவதாக ஆணை சொன்னது. அதன்படி, மறைந்த நாளன்று நீங்கள் பணியில் இருந்தீர்கள். முதல் நாள் நீங்கள் கேட்ட கேள்விக்கு, ஆணை வந்த பிறகு சொல்கிறேன் என்றிருந்தேன். சொல்லிவிட்டேன்.

எனக்கு இப்போது ஐம்பது வயது. ஊதிய முரண்பாடுகள் இருந்தால் தெரிவிக்கலாம் என்று ஆண்டுதோறும் ஒரு சுற்றறிக்கை வரும். நீங்கள் துறப்புக் கடிதம் எழுதிய அடுத்த ஆண்டிலிருந்து நான் ஒரே குறிப்பை, சொல் மாற்றாமல் அனுப்பி வருகிறேன். ஆராய்ச்சியாளரின் தகுதியை மதிப்பிடும்போது அவருடைய பயிர் காய்க்க எடுத்துக்கொள்ளும் காலத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்பதே அதன் சாரம். 'பெறப்பட்டது' என்று பதில் வரும். சில ஆண்டுகள் அதுவும் வராது. உங்களிடம் இதை நான் சொன்னதில்லை. முடிவு தெரியாத ஒன்றை அறிவிப்பது எனக்குப் பழக்கமில்லை, உங்களுக்கும் பழக்கமில்லை. இன்று முதன்முறையாக அதன்மேல் கேள்வி கேட்டிருக்கிறார்கள்.

விடையை எழுதி முடித்தேன். முழுக் காய்ப்புக்கு மூன்று ஆண்டுகள். நோய் ஒளிந்திருக்கும் ஆதலால் கடைசிச் சுற்று எடுத்து, புதுக்குருத்தைப் பார்க்கும்வரை முடிவு எதையும் வெளியிடலாகாது. தகவலுக்கு ஆதாரமாக உங்கள் பெயரையும், அதன் கீழ் நீங்கள் வகித்த பதவியையும் எழுதினேன். உதவி ஆராய்ச்சியாளர். அதற்கு மேல் ஒரு சொல்லையும் நான் சேர்க்க முடியாது, நீங்களும் விரும்பமாட்டீர்கள்.

காரணம் கேட்ட இடத்தில்தான் நெடுநேரம் தயங்கினேன். பிறகு எழுதினேன்: 'மேற்கண்ட அலுவலர் பதவி உயர்வைத் துறந்த கடிதம் கோப்பில் உள்ளது. அதில் சொந்தக் காரணங்கள் என்று காணப்படுவது, வேறு சொல்லை விதி ஏற்காததால் என் ஆலோசனையின்பேரில் எழுதப்பட்டது. உண்மைக் காரணம், கடைசிச் சுற்றுக் காய் எடுப்பு முடிந்திருக்கவில்லை.' அன்று நான் சொன்னது விதிப்படி சரி, இன்றும் சரிதான். ஆயினும் கோப்பில் இரண்டும் இருக்கட்டும்.

கையெழுத்திட்டுத் தபாலில் சேர்த்துவிட்டேன். ஜீப்பு போய்விட்டது, வாசனை இன்னும் அறையில் நிற்கிறது. இந்த ஆண்டும் ஒன்றும் நடக்காமல் போகலாம். அப்படியானால் அடுத்த ஆண்டும் அதே குறிப்பை அனுப்புவேன், நான் ஓய்வு பெறும்வரை அனுப்புவேன். தண்ணீர் ஊற்ற விதியில் தடை ஏதும் இல்லை.